போஸ்டரில் இருப்பது நான்... இறந்தது துளசிமணி அக்கா

நான் சாகவில்லை. காலையிலிருந்து போன் போட்டு அழுகிற எல்லாருக்கும் சொல்கிறேன்... நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

இறந்தது துளசிமணி அக்கா. எங்கள் த்ரோபால் டீமின் எட்டாம் நம்பர். நேற்று சாயங்காலம் முதலமடை மாந்தோப்பில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

த்ரோபால் அசோசியேஷன்காரர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட அஞ்சலி போஸ்டரில் பெயர் அக்காவுடையது. மூஞ்சி என்னுடையது!

தெரியாமல் நடந்துவிட்டதாம். அவர்களிடம் அக்காவின் போட்டோ இருந்தால்தானே?

காத்மாண்டுவில் தெற்காசியப் போட்டியில் ஜெயித்தோமே, அந்த குரூப் போட்டோவில் அக்கா இல்லை. எடுக்கப் போகிற நேரத்தில் அசோசியேஷன் செக்ரட்டரி வந்து, "தொளசி, அந்த ஜெர்சியக் கொஞ்ச நேரம் குடும்மா" என்று வாங்கி, தன் அண்ணன் மகளுக்குப் போட்டு நிறுத்தினார். அந்தப் பெண் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை.

"உடு கண்ணு, ஒரு போட்டோதான?" என்றார் அக்கா. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இப்போது போஸ்டருக்கு அந்த போட்டோவிலிருந்து அண்ணன் மகளை வெட்டி எடுக்க முடியுமா? பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஃபைனலில் கடைசிப் பந்தைப் பிடித்தது யார்? அக்கா. தரையைத் தொடப் போன பந்து... ரெண்டு கையாலும் அள்ளினார். எப்படிக்கா என்றால், "மரத்துல இருந்து போடற மாங்காய அடிபடாமப் புடிக்கறமே, அதேதான் கண்ணு" என்பார். ஒரு காய் கீழே விழுந்தாலும் வியாபாரி எடுக்க மாட்டாராம்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அக்கா வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, "டீம் போட்டோல நீங்க இல்லையே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செக்ரட்டரியிடம் ஒரு கடிதம் கேட்டு எத்தனை நடை நடந்தார்... இந்தியாவுக்கு ஆடியவர் சாகும்வரை மாங்காய்தான் பிடித்தார்.

இன்று மத்தியானம் வடகரப்பதியில் அக்கா வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தார் அதே செக்ரட்டரி. அக்காவின் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. எழுந்துபோய் எதிரே நின்றார்.

"இருங்க சார். வளையத்த அப்பறம் வெக்கலாமுங்க. மொதல்ல எம் பொண்டாட்டி மொகத்த நல்லாப் பாத்துக்குங்க."

எல்லாரும் பார்க்க, செக்ரட்டரி குனிந்து பார்த்தார்.

நிம்மதியாகப் போங்கக்கா... எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.