ஆறு காம்பராவுக்கு ஒரே குழம்பு

1. பெரட்டில் என்னைக் கூப்பிட்ட நாள்

ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து, பதுளைக்கு இன்னும் ரயில் வந்து சேராத காலம் அது. நமுனுகுல மலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில், கணக்கப்பிள்ளை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போல என்று அக்காமார் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஏ புள்ள, ஒன்னைய அடிக்கவா கூப்பிடுறேன்? எழுதத் தெரிஞ்ச பொம்பளப்புள்ள ஒண்ணு வேணும்னு டாக்டரய்யா கேக்குறாரு. மூணாம் வகுப்பு படிச்சவ நீதானே? ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் ஒரு சின்னத் தராசை மேசையில் வைத்துச் சொன்னார்:

"பாரும் பிள்ளை, தேயிலை அரைக்கிற ஸ்டோர் எஞ்சின் ஓட விறகு வேணும். ஆளுக்குச் சோறுதான் விறகு. அதிலை வாற சூட்டை அளக்கிற அளவுக்குக் கலோரி எண்டு பேர். ஒரு ஆள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுது எண்டு நீர் நிறுத்துக் கொண்டுவாரும். கலோரிக் கணக்கை நான் பாக்கிறன்."

பால் கொடுக்கிற தாய்மாருக்குக் கொஞ்சம் கூடுதலாக அரிசி கேட்பது அவர் எண்ணம். பெரிய துரையோ, சாப்பாடு போதவில்லை என்பதைக் கணக்கில் காட்டு என்று சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டில் செல்லாயி அண்ணிக்குக் கைக்குழந்தை. பால் போதாமல் அது சப்பிச் சப்பி அழும். அதை நினைத்துத்தான், பயமாக இருந்தாலும் தலையாட்டினேன்.

2. லயத்தில் விருந்து

அந்தியில், குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாய் நிற்கும் எங்கள் லயத்தில், ஒவ்வொரு காம்பராவிலும் சாப்பாட்டை நிறுக்க ஆள் வரும் என்று தப்படித்துச் சொன்னார்கள். எதற்காக என்று சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் காம்பராவில் சோறும் கருவாட்டுக் குழம்பும். தட்டை வாங்கி நிறுத்தேன். அடுத்த காம்பராவிலும் கருவாட்டுக் குழம்பு. அதற்கடுத்ததிலும் அதுவே. சம்பளம் போட்டு வெகுநாளாகியிருந்தது. லயம் முழுக்கக் கருவாடு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆறாவது காம்பராவில்தான் குழம்புச் சட்டியை நன்றாகப் பார்த்தேன். விளிம்பு உடைந்த சட்டி, முதல் காம்பராப் பேச்சியக்காவுடையது. நான் தட்டை நிறுத்து எழுதி முன்வாசலால் வெளியே வருவதற்குள், குழம்பு திரும்பச் சட்டிக்குள் விழுந்து, பின்வாசலால் அடுத்த காம்பராவுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

டாக்டரய்யா கூட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பதுளை டவுன் முதலாளிமாரும் இப்பிடிச் சாப்பிடமாட்டினம். எனக்கே இவ்வளவு இல்லை. இதைத் துரையிட்டைக் கொண்டுபோனால், குடுக்கிற அரிசியையும் குறைச்சுப் போடுவார்."

சட்டியின் கதையைச் சொன்னால் லயத்துக்கே வெட்கம். சொல்லாவிட்டால் அண்ணிக்கு அரிசி இல்லை. நேரே பேச்சியக்காவிடம் போனேன். அவர் பிள்ளைமடுவத்தில், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா.

"வீட்டுக்கு வந்து தட்டப் பாக்குற. வெறுஞ்சோத்தையும் மொளகாத் தொவையலையுமா காட்டச் சொல்ற? எங்க மானம் என்னாவுறது?" என்று அவர் என் மேலேயே பாய்ந்தார்.

"அக்கா, சாப்பாடு பத்தலன்னு காட்டுனாத்தான் பால் குடுக்குறவங்களுக்கு அரிசி குடுப்பாங்களாம். இப்ப நம்ம அண்ணிக்குக் கிடைக்காது."

"அடி ஊமச்சி! அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா?"

மறுநாள் தராசோடு திரும்பப் போனபோது எந்தக் காம்பராவிலும் குழம்பே இல்லை. தட்டுக்கு இரண்டு பிடி சோறு. ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் பூசணிக்காய் எட்டிப் பார்த்தது. "அது தலகாணி" என்று சொல்லி அந்த அக்கா சேலையை இழுத்து மூடினார்.

"நேற்றுக் கலியாண வீடு, இண்டைக்கு விரதமோ?" என்றார் டாக்டரய்யா. "இதைத் திண்டுபோட்டு மலை ஏறேலாது பிள்ளை. பாயிலையிருந்து எழும்பவே ஏலாது."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே சட்டியிலிருந்து பூசணிக்காய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"அப்ப எப்பிடித்தான் அறியிறது?"

"தராசு இல்லாமப் போறேங்க ஐயா. எப்பவும் போற மாதிரி போயி ஒக்காந்துட்டு வாறேன். ஒவ்வொருத்தர் தட்டுலயும் எத்தன பிடின்னு பாத்துக்கிறேன்."

"ம்ம்... அதே பிடியை இஞ்சை ஆஸ்பத்திரிச் சோத்திலை பிடிச்சு நிறுப்பம். துல்லியம் வராது, மதிப்புத்தான். எண்டாலும் விருந்தையும் விரதத்தையும்விட நல்லது."

3. கடைசித் தட்டு

முதல் இரண்டு அந்திகள் "தராசு எங்கடி?" என்று கேலி செய்தார்கள். பிறகு நான் எதற்கு வருகிறேன் என்பதையே மறந்து, அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள்.

எங்கள் காம்பராவைக் கடைசியாக வைத்திருந்தேன். எப்போதும் அண்ணனோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து முதலில் சாப்பிடுகிறவள் நான். அன்று பசியில்லை என்று சொல்லி அடுப்படியில் இருந்தேன். அண்ணன் சாப்பிட்டார். மூத்த பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டன. அண்ணி சட்டியைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அதுவே கொஞ்சம். வாயில் வைக்கப் போனவர் என்னைப் பார்த்தார்.

"நீ சாப்பிடலல்ல? இந்தா." பாதிக்கு மேல் அள்ளி என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் அண்ணி, நீங்க சாப்பிடுங்க."

"எனக்கென்னமோ பசியே இல்ல. இப்பத்தான் நெறையத் தண்ணி குடிச்சேன்."

ஒரே காம்பராவில் இருந்தும் இதை நான் பார்த்ததில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு மிஞ்சிய பிடிகளைப் பிடித்துத் தராசில் வைத்தபோது தட்டு சரியாக இறங்கக்கூட இல்லை. டாக்டரய்யா அன்று சிரிக்கவில்லை. குதிரையில் ஏறி நேரே துரை பங்களாவுக்குப் போனார்.

4. மடுவத்துக் கஞ்சி

துரை சம்மதித்தார். தாய்மாருக்கு அரிசி கூட்டிப் போடலாம் என்று டாக்டரய்யா சந்தோஷமாக வந்து சொன்னார். பேச்சியக்கா குறுக்கே விழுந்தார்.

"அரிசியாக் குடுக்காதீங்க ஐயா. ஒல கொதிச்சதும் புருசனுக்கும் புள்ளைக்கும் பங்கு போயிரும். பால் குடுக்க மடுவத்துக்கு வருவாளுகல்ல? கஞ்சியாக் காய்ச்சி என் கண்ணு முன்னாடி குடிக்க வைங்க."

அப்படியே முடிவாயிற்று. அரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கஞ்சி காய்ச்சுகிற வேலை எனக்கு வந்தது. கை நடுங்குகிற வயதுவரை அதைத்தான் செய்தேன். அந்த வேலையில் நான் படித்தது இதுதான்: வீட்டில் எவ்வளவு வெந்தது என்று சட்டியைப் பார்த்தால் தெரியும். யார் எவ்வளவு தின்றார்கள் என்பது, கடைசியாகச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

முதல் நாள் அண்ணி பாதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு, மீதியைத் தகரக் குவளையோடு போர்த்தியிருந்த கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"அண்ணி! அது ஒங்களுக்கு ஊத்துனது. இங்கயே குடிங்க!"

சத்தம் போட்டது நான்தான் என்று எனக்கே நம்பமுடியவில்லை. மடுவமே திரும்பிப் பார்த்தது. அண்ணி திரும்ப உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இன்னுங் கொஞ்சம் இருக்கா?"