லிஃப்டில் கேட்ட ‘வாப்பிள்ளை மேட்டி’

சென்ற வைகாசியில் கோவையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சேலை எடுத்துவிட்டு, மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கினேன். என்னுடன் நடுத்தர வயதுக் கணவன், மனைவி இருவர் மட்டும். அவர்கள் கையில் பெரிய பெரிய பைகள். கொஞ்சம் இறங்கியதும் லிஃப்ட் குலுங்கி நின்றுவிட்டது.

மணியை அழுத்தினோம். “ஆள் வர்றாங்க, பயப்படாதீங்க” என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், யாரும் வந்தபாடில்லை. மூடிய இடம் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். நெஞ்சு படபடவென்று அடிக்க, மூச்சை இழுக்கவே முடியவில்லை. இதற்குள்ளேயே செத்துவிடுவேன் என்று நினைத்துக் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எந்த ஊருங்க?” என்றார் அந்த மனிதர்.

“வெள்ளகோவில்” என்றேன் எரிச்சலாக.

“கெள்ளவோவிலுங்களா? நாங்க கிணத்துக்கடவுங்க. பொள்ளாச்சி ரோடு. இல்லையில்லை, ரொள்ளாச்சி போடு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே உயிர் போகிறது, இந்த ஆளுக்கு எழுத்தை மாற்றிப் போட்டு விளையாட்டா! அவர் விடவில்லை. மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தார்களாம். பட்டுச்சேலை ‘சட்டுப்பேலை’ ஆனது. மாப்பிள்ளை வேட்டி ‘வாப்பிள்ளை மேட்டி’ ஆனதும், என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

“இப்ப நீங்க சொல்லுங்க அம்மணி. தக்காளி சட்னி?”

எதை எடுத்து எங்கே போடுவது என்று யோசித்தேன். “சக்காளி… தட்னி!”

“அப்படிப் போடுங்க!”

அடுத்து மோர்க்குழம்பு, பருப்பு சாதம் என்று சமையலறையையே தலைகீழாக்கினோம். அவர் ‘தாலிக்கொடி’ என்ற சொல்லில் கைவைக்கப் போனபோதுதான், “அய்யோ சாமி! அதை மட்டும் மாத்தாதீங்க!” என்று மனைவி அதட்டினார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மூச்சு எப்போது சீரானது என்றே தெரியவில்லை.

ஒருவழியாக லிஃப்ட் நகர்ந்து இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிட்டு, நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் பக்கத்துப் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மனைவி அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தார்.

“இவரு லிஃப்டுல ஏறவே மாட்டாருங்க. எனக்கு முட்டி வலின்னு இன்னிக்குத்தான் கூட வந்தாரு. உள்ள என் கையைப் புடிச்ச புடியைப் பாருங்க” என்று மணிக்கட்டைக் காட்டினார். கன்றிச் சிவந்திருந்தது.

“ஏனுங்கண்ணா, இத்தனை பயத்தை வச்சுக்கிட்டா எனக்கு விளையாட்டுக் காட்டுனீங்க?”

“உங்க மூஞ்சி என்னைவிட மோசமா இருந்துச்சுங்க அம்மணி” என்று சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்களுடைய பைகளை நான் தூக்கிக்கொண்டேன். அந்த அக்கா, தன் கணவரின் தோளைப் பிடித்தபடி படிகளில் மெல்ல இறங்கினார்.

தைரியம் உள்ளவர்கள்தான் அடுத்தவருக்குத் தைரியம் சொல்ல முடியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்; தன்னிடம் துளியும் இல்லாத நேரத்தில் அந்த மனிதர் அதை எங்கிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார் என்று இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன்.