உபதேசியாரின் கயிறு

மட்டாஞ்சேரி பஜார் தெருவில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் எடை போட்டுக்கொண்டிருந்த மாசிலாமணியை, அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டவர்கள் முதலாளியும் மனைவியும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் உபதேசியார். சபை அவருக்கு அப்படியொரு பதவியும் தரவில்லை, சம்பளமும் தரவில்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சின்னக் கோயில் அது. போதகர் எர்ணாகுளத்திலிருந்து மாதம் ஒருமுறை படகேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், மாலையில் வேதபாட வகுப்பு எடுப்பதும் மாசிலாமணியின் தலையில் விழுந்தது. விழுந்ததை அவர் ஆசையாகவே பிடித்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. வேதத்தில் ஒன்றுக்கொன்று இடிக்கிற இடம் எதையாவது காட்டினால் போதும், மனிதர் சட்டைக் கையை மடித்துவிடுவார். எரிகோ ஊர்வழியில் குருடன் ஒருவனா, இருவரா? "ரெண்டு பேரு இருந்த எடத்துல ஒருத்தன் இருந்தாம்னு சொன்னா பொய்யாவே? ஒருத்தன் பேரு தெரிஞ்சவன். அதனால மாற்கு அவன மட்டும் சொன்னாரு." கல்லறையில் தூதன் ஒருவனா, இருவரா? அதற்கும் அதே பதில். பக்கத்திலுள்ள சுள்ளிக்கல்லில் சாயாக்கடை ஒன்றில் வைத்து மடக்கப் பார்த்த கட்சிக்காரர் ஒருவர், கிளாஸ் காலியாவதற்குள் தானே மடங்கிப்போனார் என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் கர்வம் பிடித்த ஆள்தான் அவர். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

எல்லாவற்றையும்விட அவர் பேர் வாங்கியது யூதாசின் சாவில். குருவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் தூக்குப் போட்டுக்கொண்டான் என்கிறார் மத்தேயு. லூக்கா எழுதிய நடபடிகளிலோ, அவன் தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்று இருக்கிறது. எது மெய்? மாசிலாமணி எழுந்து நின்று, கையை உயர்த்தி ஒரு கிளையைக் காட்டுவார், இல்லாத கயிற்றை அதில் கட்டுவார், பட்டென்று விரலைச் சொடுக்குவார். "கயிறு அறுந்துது. தொங்கினவன் விழுந்தான். மத்தேயு மொதப் பாதியச் சொன்னாரு, லூக்கா பின்பாதியச் சொன்னாரு. எங்கவே இடிக்கி?" வகுப்பே தலையாட்டும். பின்வரிசையில் சுமைதூக்கும் தவசிமுத்துவும் அவர் மனைவி பாக்கியமும் தலையாட்டுவார்கள்.

1978இல், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், அந்தத் தவசிமுத்து செத்துப்போனார்.

கிட்டங்கியின் மேல்மாடியில் தெருவைப் பார்த்த கதவு ஒன்று உண்டு. அதற்கு மேலே கப்பி, கப்பியில் தொங்கும் கயிறு. மூட்டைகள் அப்படித்தான் ஏறும், இறங்கும். மற்றவர்கள் சாயா குடிக்கப் போயிருந்த நேரம், தவசிமுத்து அந்தக் கதவிலிருந்து கீழே வந்தார். எதிரே கைவண்டியோடு நின்ற வீரபாண்டி, அவர் விழுவதைப் பார்த்தார். முதலில் ஓடிப்போய்த் தூக்கிய சாயாக்கடை நைனா முகம்மது, கழுத்தில் கப்பிக் கயிறு சுற்றிக் கிடந்ததைப் பார்த்தார். பார்த்தவர்கள் இந்த இரண்டே பேர். போலீஸ் தவறி விழுந்ததாக எழுதி உடம்பைக் கொடுத்துவிட்டது. சபை அவ்வளவு லேசில் விடுவதாயில்லை.

தன் உயிரைத் தானே மாய்த்தவருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை, அடக்க ஜெபமும் இல்லை. மதிலுக்கு வெளியே, ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வரவேண்டியதுதான். அந்தச் சபையின் வழக்கம் அப்போது அப்படி இருந்தது. செயலர் ஞானசிகாமணி வழக்கத்தில் ஒரு நூல் விட்டுக்கொடுக்காத ஆள். தவசிமுத்து ஆறு மாதமாக யாரோடும் முகங்கொடுத்துப் பேசாததும், கோயில் வாசலோடு நின்று திரும்பிப் போனதும் அவர் கண்ணில் பட்டிருந்தன.

மறுநாள் போதகர் வந்து சேர்ந்தார். தார்ப்பாய் மூடிய வண்டியில் சவப்பெட்டி கோயில் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றது. மாசிலாமணி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போகையில் பாக்கியம் வழிமறித்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். நீங்க மட்டும் யோசிக்காதீங்க."

அவருக்கு விளங்கவில்லை. "என்னம்மா சொல்லுத?"

"ஒருத்தரு கயிறுங்காரு, ஒருத்தரு விழுந்தாருங்காரு. ஒங்ககிட்ட வந்தா ரெண்டையும் சேத்துக் கெட்டிருவீங்க. சேத்துக் கெட்டினா எம் புருசன் யூதாசாயிருவாரு."

அவள் சொன்னது தப்பில்லை. செய்தி காதில் விழுந்த நிமிடமே மாசிலாமணியின் மனம் தன்பாட்டுக்கு இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. கழுத்தில் மாட்டினார், குதித்தார், கயிறு கப்பியை விட்டு உருவிக்கொண்டது, விழுந்தார். ஓரிடத்திலும் இடிக்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போனார்.

கோயிலை ஒட்டிய அறையில் போதகரும் செயலரும் சபைப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வீரபாண்டியும் நைனா முகம்மதுவும் சுவரோரமாக நின்றார்கள்.

"நான் கண்டது விழுந்ததத்தான் சாரே," என்றார் வீரபாண்டி. "கயிறு நான் கண்டில்ல."

"காணலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றார் ஞானசிகாமணி.

நைனா முகம்மது நெஞ்சில் கை வைத்தார். "கழுத்துல கயிறு கெடந்தது சத்தியமாக்கும். அவரு போட்டதா, அதுவா சுத்துனதா, அது எனக்கு அறியாது. படைச்சவனுக்குத்தான் அறியும்."

குழிவெட்டும் அப்பு மண்வெட்டியோடு வாசலில் தலையை நீட்டினார். மழையில் மண் சரியத் தொடங்கினால் அப்புறம் வெட்ட முடியாது என்பது அவர் கவலை. "அகத்தோ, புறத்தோ?" என்றார், கல்லறைத் தோட்டத்து மதிலைக் காட்டி.

போதகர் மாசிலாமணியைப் பார்த்தார். "உபதேசியாரே, இந்த விஷயத்துல உங்களுக்கு இருக்கற தெளிவு எனக்கில்ல. ரெண்டு சாட்சியையும் இணைச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்வோம்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. திறந்திருந்த கதவுக்கு அப்பால், வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி பாக்கியம் நின்றாள். நனைவதுகூடத் தெரியாமல் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு இன்னொரு முடிச்சு கிடைத்தது. ஈரப் பலகையில் கால் வழுக்கியது, விழுகிறவர் கயிற்றைப் பிடித்தார், பிடித்த கயிறு கழுத்தைச் சுற்றியது. அடடா, அதுவும் அச்சாகப் பொருந்தியது! இதைச் சொன்னால் போதும், பெட்டி உள்ளே வந்துவிடும். சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். அதே இரண்டு சாட்சி. ஒரு முடிச்சு மனிதரை மதிலுக்கு வெளியே தள்ளுகிறது, இன்னொன்று உள்ளே கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே அழகாகப் பொருந்துகின்றன. இரண்டையும் எவரும் பார்க்கவில்லை.

"என்னவே யோசன?" ஞானசிகாமணி பொறுமை இழந்தார். "நீரு வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னதுதான? யூதாசு தொங்கினான், கயிறு அறுந்துது, விழுந்தான். அதே சங்கதிதான் இது."

மாசிலாமணி எழுந்தார். கை உயரவில்லை, விரல் சொடுக்கவில்லை.

"அந்தக் கயிறு அறுந்துதுன்னு மத்தேயு எழுதலய்யா. லூக்காவும் எழுதல. இத்தன வருசமா அறுத்தது நாந்தான். ரெண்டு பக்கமும் நல்லாப் பொருந்துச்சு, அதனால நடந்துதுன்னு நெனச்சிட்டேன். பொருந்துதது வேற, நடந்தது வேற."

"சுத்தி வளைக்காம இன்னைக்கு விசயத்துக்கு வாரும்."

"இன்னைக்கும் என்னால ரெண்டு விதமாவும் கெட்ட முடியும். செத்தவர உள்ள கொண்டாரவும் முடியும், வெளிய தள்ளவும் முடியும். கெட்டமாட்டேன். மேல அவரு தனியா நிக்கையில என்ன நடந்துதுன்னு பாத்த ஆளு இல்ல. இல்லாத சாட்சிய நான் உண்டாக்க மாட்டேன். ஒங்க வழக்கம் உயிர மாய்ச்சவனுக்கு. மாய்ச்சாம்னு இவங்க ரெண்டு பேருல யாரு சொன்னா?"

ஞானசிகாமணி முன்னால் சாய்ந்தார். அடிக்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியும்.

"அப்போ வேதத்துல முரண்பாடு இருக்குன்னு நீரே ஒத்துக்கிடுதீரு. என்னவே?"

அத்தனை பேர் நடுவிலும் மாசிலாமணியின் முகம் கன்றிப்போனது. அவர் பேர், பெருமை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கின. எந்த முரண்பாட்டுக்கும் பதில் வைத்திருந்த மனிதர்.

"ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. நடுவுல என்னன்னு எனக்குத் தெரியல," என்றார். வகுப்பில் அவர் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி அப்புவிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"அகத்து."

வெளியே பாக்கியம் சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். அதுவரை அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

உபதேசியாருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் ஆள் குறைந்தது. ஞானசிகாமணி அப்புறம் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவே இல்லை. மாசிலாமணிக்கு வலிக்கத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். தவசிமுத்து விஷயத்தில் அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. கிட்டங்கிக்குள் நுழையும்போது கப்பியை நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

எண்பத்து நாலிலோ ஐந்திலோ, வகுப்பு மறுபடியும் யூதாசிடம் வந்தது. மாசிலாமணி இரண்டு இடத்தையும் வாசித்தார். "நடுவுல எழுதல," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

அத்தனை வருடமாகப் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்த பாக்கியம் கேட்டாள்: "அண்ணாச்சி, அவன எங்க பொதச்சாங்கன்னு எழுதியிருக்கா?"

பதில் தெரிந்திருந்தும் அவர் பக்கங்களைப் புரட்டினார். "இல்லம்மா. ஆனா ரெண்டு பேரும் ஒரு நெலத்தச் சொல்லுதாங்க. அவன் வாங்குன காசுல வந்த நெலம். அசலூர்லருந்து வந்து சாகுதவங்களப் பொதைக்கதுக்குன்னு மத்தேயு சொல்லுதாரு."

பாக்கியம் மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"அப்போ அவனையும் அங்கதான் வச்சிருப்பாங்க," என்றாள்.

அப்படி எழுதியில்லையம்மா என்று சொல்ல மாசிலாமணி வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"வச்சிருப்பாங்கம்மா," என்றார்.