நான் போட்ட நான்கு கோடுகள்

எங்கள் வீட்டில் வேகமாகக் கார் ஓட்டுவது என் மனைவி. நான் ஓட்டினால் பக்கத்தில் இருந்து கொட்டாவி விடுவாள். இரண்டு கதவுள்ள அந்தப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அவளுடைய விருப்பத்துக்கு வாங்கியது. ஓட்டோ கியர், பின்சக்கரங்கள் தள்ளி ஓடுவது. தோற்றத்தில் பாயப்போவது போல இருக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது யோசித்து யோசித்துத்தான் நகரும். ஹபரணை வீதியில் ஒரு லொறியை முந்தப் போய், பாதியில் இழுவை போதாமல் திரும்ப அதன் பின்னாலேயே ஒதுங்கியதிலிருந்து அவளுக்கு அந்தக் கார் மேல் கோபம்.

சீனன்குடா வீதியில் கராஜ் வைத்திருக்கும் கிண்ணியாக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். நாங்கள் அவரை நானா என்போம். பின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சிறிய பல்சக்கரமும் சோடியாக இருக்கின்றன. அந்தச் சோடியை மாற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்ற என்ஜின் முன்பைவிடக் கூடுதலாகச் சுற்றும், இழுவை கூடும். அதோடு, என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரையும் மாற்றவேண்டும். புதியது, என்ஜினின் சுழற்சி நன்றாக ஏறிய பிறகே இறுகப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால், "மிஸ் காலை வெச்சா ரோட்டுத்தான் பின்னால ஓடும்" என்றார். மனைவி அன்றே சம்மதித்துவிட்டாள்.

நான் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். வேலை நடந்த நான்கு நாட்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு கராஜில் ஒரு கதிரையில் இருந்து, நடந்ததை எல்லாம் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதினேன். முதல் மூன்று நாட்கள் கொன்வேட்டருக்கு. அதைக் கியர்பெட்டிக்குள் சுழற்றிச் சுழற்றித் தள்ளி, மூன்று தடவை 'டொக்' என்று இறங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் நானா பூட்டினார். "ரெண்டு டொக்கோட பூட்டினா உள்ள இருக்கிற பம்ப் நொறுங்கிரும்" என்றார். அவருடைய கவனத்தைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. புதிய பெரிய பல்சக்கரத்தைப் பத்து போல்ட்டுகளால் அதன் தாங்கியில் இறுக்கவேண்டும். நானா பத்தையும் முதலில் கையால் முறுக்கி வைத்தார். பிறகு, அளவான இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பனரால், எதிரெதிராக ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கிய போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்தார். ஆறு முடிந்திருந்தபோது ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வாசலில் அவருடைய மச்சான் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார். நானா ஸ்பனரைப் பல்சக்கரத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"பாத்துக்கங்க சேர், வந்து முடிக்கிறன்."

தனியே இருந்தேன். எனக்குச் சும்மா இருக்க ஏலாது. எங்கள் களஞ்சியத்தில் எண்ணிய பொருளில் வெள்ளைக் கோடு போடுவோம். இரண்டு தரம் எண்ணாமல் இருப்பதற்கு. இருபத்திரண்டு வருடமாக என் கை செய்யும் வேலை அது. போல்ட்டுகளை எண்ணினேன். பத்து. நான்கில் கோடு இல்லாதது கண்ணை உறுத்தியது. நான்கிலும் நேராக, ஒரே நீளத்தில் கோடு இழுத்தேன். ஸ்பனரை எடுத்துத் துடைத்து அதன் ஆணியில் தொங்கவிட்டேன். 'பத்து போல்ட், பத்துக் கோடு' என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

நானா திரும்பி வந்தார். போல்ட்டுகளைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய ஸ்பனரைப் பார்த்தார். "முடிச்சிட்டுத்தான் போயிருக்கன் போல" என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கி அச்சுக்குள் வைத்து, மூடி பூட்டி, எண்ணெய் விட்டார். நானும் சிரித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மனைவி புல்மோட்டைக்குப் புறப்பட்டாள். வலயக் கல்வி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு பாடசாலையைப் பார்வையிட வேண்டியிருந்தது. நான் களஞ்சியத்தில் கிரேன்காரருக்குச் சங்கிலிக் கொளுக்கிகள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த வெள்ளைக் கோடு என்னத்துக்கு சேர்? சோதிச்சுப் பாத்தாச்சு எண்டோ?"

"இல்லை, எண்ணியாச்சு எண்டு."

"நல்ல வேளை கேட்டனான். நான் இவ்வளவு நாளும் இதை நம்பியெல்லோ இரும்பு தூக்கினனான்!"

அவர் சிரித்தார். நான் சொன்ன பதில் என் காதிலேயே நின்றது. கையிலிருந்த பேனை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. மணி ஒன்பது ஐம்பது.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓடும்போது தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நானாவுக்கு எடுத்தேன்.

"நானா, அந்தப் பத்து போல்ட்டிலயும் நீங்கள் ஸ்பனர் வைச்சனீங்களா?"

"கோடு இருந்திச்சே சேர்."

"நாலு கோடு நான் போட்டது."

எங்கோ தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கார் எங்க?" என்றார்.

"புல்மோட்டை ரோட்டில. அவ ஓடுறா."

"யா அல்லாஹ். துறைமுகக் கேற்றடிக்கு வாங்க. வானோட வாறன்."

வானில் ஏறியதும் நான்தான் கேட்டேன், போல்ட் கழன்றால் என்ன ஆகும் என்று. கேட்காமல் விட்டிருக்கலாம். கழன்ற போல்ட்டின் தலை உள்ளே போய் இடித்தால் பல்சக்கரம் இறுகும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இரண்டும் ஒன்றாக நிற்கும் என்றார். "ஆறு போல்ட் பிடிச்சிக்கிட்டு இருக்கு சேர். ஆறு லேசில விடாது." அதைச் சொல்லும்போது அவர் வேகத்தைக் கூட்டினார்.

உப்புவெளி, நிலாவெளி. வீதியில் எண்ணெய்க் கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். இரவு மழையில் நனைந்த தார் எல்லாம் எண்ணெயாகத் தெரிந்தது. பத்துத் தடவை அவளுக்கு எடுத்துவிட்டேன். இறக்கக்கண்டிப் பாலத்தில் சனம் கூடி நின்றது. முதுகுகள் மட்டும் தெரிந்தன. எல்லோரும் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வான் நிற்க முன்னரே கதவைத் திறந்துவிட்டேன். ஒரு பெரிய திருக்கை. வள்ளத்திலிருந்து கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "என்ன அண்ணை, வாங்கப் போறீங்களோ?" என்று ஒருவர் கேட்டார். கதவை இழுத்துச் சாத்தினேன். முதல் தரம் சாத்துப்படவில்லை.

கும்புறுப்பிட்டி தாண்டியபோது அவள் எடுத்தாள்.

"என்னப்பா, பத்து மிஸ்ட் கோல்? வீடு எரிஞ்சு போச்சோ?"

"எங்க நிக்கிறாய்?"

"குச்சவெளியில. தண்ணி வாங்க நிப்பாட்டினனான். சும்மா சொல்லக்கூடாது, நல்லா இழுக்குது. திரும்பேக்க மட்டும் பின்னால டிக் டிக் எண்டு ஒரு சத்தம்..."

"திறப்பை எடு. ஸ்டார்ட் பண்ணாத. வெளியில வந்து நில்."

"எனக்குப் பதினொரு மணிக்கு..."

"நில் எண்டு சொல்லுறன்!"

இருபது வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் மறுபேச்சுப் பேசாமல் வைத்துவிட்டாள்.

கார் ஒரு கடைக்கு முன்னால், வேப்பமர நிழலில் நின்றது. அவள் அதிலிருந்து பத்தடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானா ஜக் வைத்துக் காரைத் தூக்கி, கடைக்காரரிடம் வாங்கிய பிளாஸ்ரிக் பேசினில் எண்ணெயை வடியவிட்டுப் பின்மூடியைக் கழற்றினார். நான் சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றினேன். கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நானாவின் கோடுகள் கோணலானவை. அந்த ஆறும் அசையவில்லை. என் கோடுகளில் இரண்டு தாங்கியிருந்தன. மூன்றாவது, விரலால் தொட்டதும் திரும்பியது. நான்காவது இரண்டு புரி வெளியே வந்துவிட்டிருந்தது. அதன் தலையில் கோடு இல்லை. உள்சுவரில் உரசி உரசித் தேய்ந்து, வெள்ளிபோல மினுங்கியது.

நானா எண்ணெயில் விரலைத் தோய்த்து வெளிச்சத்தில் காட்டினார். இரும்புத் தூள். பிறகு எழும்பி, என்னைப் பார்க்காமல் அவளிடம் போனார்.

"மன்னிச்சிக்கங்க மிஸ். என்ட பிழ. பள்ளிக்குப் போற அவசரத்தில நாலு போல்ட்ட விட்டுட்டன்."

அந்த ஒரு நொடியில் நான் பேசாமல் இருந்திருக்க முடியும். அவர் எனக்காக அந்த இடத்தை விட்டுத் தந்திருந்தார்.

"அவர் விடேல்ல," என்றேன். "பாதியில வைச்சிட்டுப் போனவர். நான்தான் எல்லாத்திலயும் கோடு போட்டனான். ஸ்பனரையும் தூக்கித் தொங்கவிட்டனான்."

அவள் அந்த மினுங்கும் தலையைக் குனிந்து பார்த்தாள்.

"பாலம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தினனான்," என்றாள். "எதிரில பள்ளிப் பிள்ளையள் வந்த வான். இடம் காணும் எண்டு தெரிஞ்சது, பாய்ஞ்சது." பிறகு கடைப் படியில் இருந்துவிட்டாள். தண்ணீர்ப் போத்தலின் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. கடைக்காரர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

தூள் பேரிங்குகளுக்குள் போயிருக்கும், கழுவாமல் ஓடக்கூடாது என்றார் நானா. போல்ட்டுகளை இறுக்கி, மூடியைப் பூட்டிப் புது எண்ணெய் விட்டார். கியர்பெட்டிக்குப் பழுது வராதபடி, அதைப் பின் அச்சோடு இணைக்கும் நீளத் தண்டைக் கழற்றிவிட்டு, காரை வானின் பின்னால் கயிற்றில் கட்டினார். யாராவது ஸ்டியரிங் பிடிக்கவேண்டும். அவள் திறப்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வானில முன்னுக்கு இருங்க மிஸ்," என்றார் நானா.

"இல்லை, நான் இவரோட வாறன்."

முப்பது கிலோமீற்றருக்கு மேல், மாட்டுவண்டி வேகத்தில் வந்தோம். கயிறு தளரும்போதெல்லாம் பிரேக்கைத் தொட்டேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்து முந்திப் போனார்கள். அவள் கொட்டாவி விடவில்லை. நிலாவெளி வந்தபோதுதான் கவனித்தேன், அவளுடைய வலது கை ஹான்ட்பிரேக்கைப் பிடித்தபடி இருந்தது. உப்புவெளி தாண்டியும், கராஜ் வாசலில் வான் நின்ற பிறகும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.