அம்மா வேண்டாம் என்ற வெள்ளைக் கார்

பழைய கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். எட்டு வயதில் ஒரு பள்ளிக்கூட விடுமுறை முழுவதையும் விற்பனைக்கு வந்த கார்களின் பின்சீற்றில் கழித்தவள் நான்.

கொட்டாஞ்சேனையில் இருந்த சித்தப்பாதான் எங்கள் கார் நிபுணர். விற்பவருக்கு வணக்கம் சொல்லுமுன்பே பொனெற்றில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கால்மிதியைத் தூக்கி முகர்வார். வெள்ளத்தில் நின்ற காரை அந்த மணம் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துச் சத்தம் கேட்பார். ஆளில்லாத நேர் ரோட்டில் கையை விட்டு, கார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அவர் சரியென்று தலையாட்டிய பிறகு அம்மாவின் முறை.

அம்மா ஒன்றையும் தொட்டுப் பார்க்க மாட்டார். பின்சீற்றில் என் பக்கத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார். அப்பா ஓட்ட, கார் இரண்டு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் வேண்டாம் என்று மெல்லச் சொல்வார். அவ்வளவுதான்.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தார். குலுக்கமே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். த்ரீவீலில் ஏறுவது அதோடு நின்றது; கார் தேடத் தொடங்கியதும் அதனால்தான். இது எனக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. மூன்று மாதம் கழியுமுன் வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டின் புதுச் சட்டம். அப்பாவின் கூடப்பிறந்த தம்பியும் அந்த வெளியில்தான் சேர்த்தி. ஆகவே பொய் சொல்லும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. கையை விட்டும் கோடு கிழித்தமாதிரி ஓடிய காரை, இடப்பக்கம் இழுக்கிறது என்றார். பல் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்த ஏசியைக் குளிர் காணாது என்றார். சித்தப்பாவின் காதுகள் சிவந்துவிடும்.

அதன் பிறகு வந்தது வெள்ளைக் கார். வெள்ளவத்தையிலேயே, எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. கறள் பிடித்த இடம் இல்லை, கீறல் இல்லை. றிவேர்ஸ் போட்டால் பின்னால் படுத்திருக்கும் பூனைகூடக் குட்டித் திரையில் தெரிந்தது. எனக்கு அதன்மேல் உயிர். சித்தப்பா முதல்முறையாகச் சிரித்தார். அம்மா வேண்டாம் என்றார். அப்பா சற்று யோசித்துவிட்டு, நிறம் சரியில்லை என்றார்.

“அண்ணை, நீங்க கார் பாக்கிறீங்களா, பொம்பிளை பாக்கிறீங்களா?” என்று கேட்டார் சித்தப்பா.

நானும் சித்தப்பா கட்சிதான். வீடு வரும்வரை அழுதேன்.

கடைசியில் முகத்துவாரத்தில் ஒரு மண்ணிறக் கார். ஏசி வெக்கையை ஊதியது. இடப்பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. எஞ்சினும் பிறேக்கும் மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா முன்சீற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மட்டக்குளிப் பக்கம் கிண்டிப் போட்டிருந்த ரோட்டில் அப்பா காரை விட்டார். அம்மா கண்ணைத் திறந்தார்.

“இஞ்சேருங்கோ, அந்தப் பள்ளத்தால இன்னொருக்கா விடுங்கோ.”

அப்பா விட்டார். அம்மாவின் கை வயிற்றில் இருந்தது.

“இதை எடுப்பம்,” என்றார்.

இனிமேல் கார் விஷயமாகத் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பஸ் ஏறினார்.

அந்தக் காரை அப்பா ஓட்டிய லட்சணத்தைச் சொல்லி மாளாது. காலி வீதியில் சைக்கிள்கள் எங்களை முந்தின. பின்னால் வந்த பஸ்கள் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று நான் சீற்றுக்குக் கீழே குனிந்துகொள்வேன்.

மூன்று மாதம் கழிந்ததும் அப்பா சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டார். இருவரும் பல்கனியில் நின்று கதைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணை.”

“போனமுறை எல்லாருக்கும் சொன்னனாங்கள்தானே,” என்றார் அப்பா.

சித்தப்பா கார்ச் சாவியைக் கேட்டார். அதன் பிறகு அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது பெரும்பாலும் அவர்தான். ஒரு பள்ளம் கண்டால் நிறுத்தி, யோசித்து, அப்பாவை விட மெதுவாக இறக்குவார். வெள்ளைக் காருக்காக என்னோடு நின்ற ஒரே ஆளும் கட்சி மாறிவிட்ட கோபத்தில் நான் அவரோடு கதைப்பதை விட்டேன்.

போனமுறை என்றால் என்ன என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. முந்தின வருஷம் அம்மா ஒரு மத்தியானம் அவசரமாக த்ரீவீலில் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போனதும், திரும்பி வந்து பல நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்ததும் எனக்கு ஞாபகம்தான். அதைக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.