எண்பத்துநான்கு வாட்

வீட்டிலிருந்த எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மீட்டர் எண்பத்துநான்கு வாட் காட்டியது. லமியா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்பத்துநான்கேதான். பவளத் தொட்டியின் விளக்கு அணைந்திருந்தது, பம்ப் நின்றிருந்தது, விசிறி கூட ஓடவில்லை. இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பொட்டு மின்சாரம் போக வழியில்லாத நேரத்தில் யாரோ உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அல்-மினா என்ற கடற்கரை ஊரில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் லமியா. முப்பது வருஷமாக ஊரார் கண்ணைக் கால் பாயின்ட் பிசகாமல் அளந்து கொடுக்கிறாள். அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்க மாட்டார்கள். தராசில் கட்டைவிரலை அழுத்திய கசாப்புக் கடைக்காரனை ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவில் வைத்து அவள் கேட்ட கேள்வியில், அவன் அன்று பாதியிலேயே கடையைச் சாத்திவிட்டுப் போனான். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டிலேயே ஒரு கணக்கு இரண்டு மாதமாக உதைத்துக்கொண்டிருந்தது.

தொட்டிக் கணக்குதான் அது. முன்னறையில், பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி, இருநூறு லிட்டர் உப்புத் தண்ணீரில் பவளம் வளர்க்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் அது மீன் தொட்டிதான். பெய்ரூத்தில் ஒரு மீன் கடையை இழுத்து மூடிய நாளில் இரண்டே தலையோடு வாங்கி வந்த பவளம் ஒன்று அதில் உண்டு. தலைக்கு ஒரு கொத்துப் பச்சை விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு குட்டிச் சுத்தியல். பதினான்கு வருஷத்தில் அது இருபத்துமூன்று தலையாகியிருந்தது. கடல் ஐந்து நிமிஷ நடையில் இருக்கும்போது அதை எதற்கு வீட்டுக்குள் அடைக்கிறாய் என்று கேட்காதவர் தெருவில் இல்லை. அந்தக் கடலில் இது வளராது என்பாள். அதற்கு மேல் விளக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

பவளத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகஸ்ட் வெக்கையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் அசையாமல் நின்றால் அதற்கு மூச்சு முட்டும். சர்க்கார் கரண்ட் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாதக் கட்டணத்துக்குத் தெருவுக்கே கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரரோ டீசல் கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் கோடையில் பகல் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை நிறுத்திவிட்டார். அந்த ஆறு மணி நேரத்தையும் பேட்டரிதான் தாங்க வேண்டும். பேட்டரியோ தினமும் மூன்றரைக்கே படுத்துவிட்டது. ஜூலை முடிவதற்குள் ஐந்து தலைகள் சதை கரைந்து வெறும் எலும்பாக நின்றன. இப்படியே போனால் செப்டம்பரில் தொட்டியில் கல்தான் மிஞ்சும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பழி முதலில் கருவிகள்மேல் விழுந்தது. பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகும் ஒரு சின்ன மீட்டரை வாங்கி, ஒவ்வொன்றாக நிறுத்து விசாரித்தாள். தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டிதான் பெரிய தின்னி. அதை விற்றுவிட்டு, தண்ணீர்மேல் காற்றடிக்கும் இரண்டு குட்டி விசிறிகளை வைத்தாள். அவை ஆவியாக்கும் தண்ணீருக்கு ஈடாகத் தினம் ஒரு ஜாடி நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். குழல் விளக்குகள் போய் எல்.இ.டி. வந்தது. அதையும் முழு வெளிச்சத்தில் எரியவிடாமல் பாதியில் நிறுத்தி, பவளம் முகம் சுளிக்கிறதா என்று ஒரு வாரம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் குழாய் ஒன்று உண்டு. விற்பனைக்காரன் தொட்டிக்கு இரண்டு மடங்கு பெரியதாக வாங்கச் சொன்னான். அவனைப் பேசவிட்டு, முடித்ததும் சின்னதையே எடுத்து வந்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேட்டரி ஒரு மணி நேரமாவது கூட உழைக்க வேண்டும் என்று காகிதம் சொன்னது. எல்லாம் சேர்த்துப் பேட்டரி கூடக் கொடுத்தது பதினைந்து நிமிஷம். அவள் புருஷன் மித்ரி, அக்கார், பெக்கா என்று வெளியூர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், சோபாவில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். உன் மீன்களுக்குச் சோறு மட்டும் போதாது, மின்சார வாரியமே வேண்டும் போலிருக்கிறது என்று கேலி வேறு செய்தான்.

கடைசியாக மிஞ்சியது தண்ணீரை மேலே ஏற்றும் பெரிய பம்ப். நாற்பத்தைந்து வாட். பதினான்கு வருஷமாகச் சுவரோடு சுவராக உறுமிக்கொண்டிருந்த பழைய கழுதை அது. சுவருக்கு அந்தப் பக்கம் உஸ்தாத் ஷஃபீக்கும் அவர் மனைவி சுஹைலாவும் இருந்தார்கள். உஸ்தாத் என்றால் வாத்தியார், நாற்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். பென்ஷன் காற்றாகிப் போனபின் கார் போனது, தொலைபேசி போனது, ஜெனரேட்டர் இணைப்பும் போனது. தேய்த்த சட்டை மட்டும் போகவில்லை. ஒரு தட்டு பலகாரம் கொடுத்தனுப்பினால் அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார், நாலு அத்திப்பழமாவது வைத்துத்தான் வரும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் லமியா அவர்களிடம் பம்பின் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்பாள். அதெல்லாம் ஒன்றுமில்லை மகளே என்பார் அவர். மரியாதைக்குச் சொல்கிறார் என்று இவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆக, புதுப் பம்பை வாங்கும்போது வாட்டோடு சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தாள். பதினாறு வாட்டில் அதே தண்ணீரை ஏற்றும் ஒன்று கிடைத்தது. அடியில் ரப்பர் பாய் போட்டாள். கீழே விழும் தண்ணீர் கொப்பளிக்காமல் இருக்க, குழாயில் ஒரு திருகு வைத்து, குழாய் நிறைந்து ஓடும்படி அரை மணி நேரம் திருகித் திருகிச் சரிசெய்தாள். திங்கட்கிழமை மாலை சுவரில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. தொட்டி முழுக்க இப்போது எழுபது வாட் கூடக் கிடையாது. பேட்டரி ஏழு மணி நேரம் வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கெல்லாம் படுத்துவிட்டது.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை விட்டாள். சமையலறை பால்கனியில் இருந்த இன்வெர்ட்டர் மித்ரியின் இலாகா, அவன்தான் ஆள் வைத்துப் பொருத்தினான், இவள் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று போனாள். மீட்டரை இன்வெர்ட்டரின் வாயிலேயே செருகி, வீட்டிலுள்ள அத்தனையையும் பிடுங்கினாள். அப்போதுதான் அந்த எண்பத்துநான்கு. கால் மணி நேரம் நின்று பார்த்தாள். எண் பூஜ்யமானது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்பத்துநான்குக்கு ஏறியது. இப்படி ஓடி ஓடி நிற்பது ஒரே ஒரு சாமான்தான். எவனோ அவள் பேட்டரியில் ஃபிரிட்ஜ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒரு வெள்ளை ஒயர், தண்ணீர்க் குழாயை ஒட்டி, கட்டிடத்தின் நடுவில் கிணறு போலிருந்த காற்றுப்போக்கிக்குள் இறங்கியது. அந்தக் கிணற்றுக்குள் எட்டு வீட்டு ஒயர்களும் பின்னிக் கிடந்தன, எது எங்கே போகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். அவளுக்கு உடனே நாலாம் மாடி செல்போன் கடைக்காரன் ஞாபகம் வந்தது. ஞாயிறு தவறாமல் கறி சுட்டு பீர் குடிப்பவன். தன் பவளம் செத்துக்கொண்டிருக்க, அவனுக்கு பீர் குளிர்கிறது. உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். எவனுக்கு ஐஸ் உருகுகிறதோ அவன் வந்து நிற்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் வரவில்லை. அன்று பேட்டரி ஆறு மணி தாண்டியும் தெம்பாக இருந்தது. பதினெட்டுத் தலையும் விரிந்து நின்றதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. வியாழக்கிழமையும் யாரும் வரவில்லை. திருடனுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று கறுவிக்கொண்டே பீன்ஸ் நறுக்கினாள். வெளியே முப்பத்தாறு டிகிரி.

மாலை ஆறரைக்கு மித்ரி லாரியை நிறுத்திவிட்டு வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் விஷயத்தைச் சொல்லி, பால்கனிக்கு இழுத்துப்போய், ஒயரின் நுனியை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்ப புடுங்கின?"

"நேத்து மத்தியானம். ஏன், உன் சிநேகிதனா அவன்?"

"அது உஸ்தாத் வீட்டு ஃபிரிட்ஜ், லமியா. அதுல சுஹைலாம்மாவோட இன்சுலின் இருக்கு."

அவள் கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது. மித்ரி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

உஸ்தாத் கதவைத் திறந்தபோது தேய்த்த சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. உள்ளே சோபாவில் சுஹைலா கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது, மூச்சு வேக வேகமாக இழுத்தது. மேஜைமேல் ஒரு பீங்கான் தட்டில் ஈரத் துண்டு விரித்து, அதில் ஐந்து மருந்துப் புட்டிகளைக் குழந்தைகளைப் போல வரிசையாகக் கிடத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு அட்டை, விசிறிக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். மித்ரி குனிந்து சுஹைலாவைத் தூக்கினான். லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் டாக்டர் சொன்னார், அது கெடு தாண்டிய பழைய மருந்து, குளிரில் இருந்தவரை தாக்குப்பிடித்தது, இந்த வெக்கை பட்டபின் அதில் தண்ணீருக்கு இருக்கிற சக்திகூட மிச்சமில்லையாம். இன்னும் ஒரு ராத்திரி கடந்திருந்தால் ஆளே இல்லை என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லமியா உஸ்தாதின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்க அவளுக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் கேட்டாள்.

"யார்கிட்ட சொல்றது மகளே? கட்டிடத்துல வயசானவங்களுக்குன்னு பொது லைன் ஒண்ணு போட்டிருக்காங்க, கோளாறு வந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்கன்னான் மித்ரி. அவன் ஊர்ல இல்ல. நானும் சுவத்துல காது வச்சுப் பாத்தேன். உன் மீன் மோட்டார் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், அது ஓடினா கரண்ட் இருக்குன்னு நாங்க நிம்மதியாத் தூங்குவோம். அதுவும் சத்தம் காட்டல. உனக்கே இல்ல போல, பாவம் மீனெல்லாம் என்ன பாடுபடுதோ, இதுல நாம வேற போய்க் கதவத் தட்டணுமான்னு விட்டுட்டேன்."

முப்பது மணி நேரம் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் அட்டையால் விசிறிக்கொண்டிருக்க, இவள் இந்தப் பக்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனுக்காகக் காத்திருந்தாள். அவள் காசு கொடுத்து, ரப்பர் பாய் போட்டு, திருகித் திருகி வாங்கிய நிசப்தம் அது. அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சமில்லை.

மித்ரியை அவள் படிக்கட்டில் வைத்துப் பிடித்தாள்.

"ரெண்டு மாசம் பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தியே. ஒரு வார்த்தை சொன்னா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்ட. தெரியும். ஆனா அடுத்த நாளே அவங்கள ஒரு மாதிரி பாசமாப் பாப்ப. உன் மூஞ்சில எதுவும் நிக்காது, லமியா. அந்த மனுஷன் அதப் பாத்தாலே புரிஞ்சுக்கிட்டு ஒயர அறுத்துப் போட்டுடுவாரு."

அது உண்மை என்பதுதான் இன்னும் சுட்டது.

சுஹைலா ஆறாம் நாள் வீடு திரும்பினாள். லமியா தெரிந்த மருந்துக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடி மூன்று புட்டி சேர்த்தாள். அவற்றை மித்ரி கையில் கொடுத்து, கட்டிடக் கமிட்டி அனுப்பியது என்று சொல்லச் சொன்னாள். வெள்ளை ஒயரைத் தானே இன்வெர்ட்டரில் மாட்டினாள். முதலில் அதை மாட்டிவிட்டு, மிச்சத்தில்தான் தொட்டியை மாட்டினாள். அதோடு நிற்காமல், பேட்டரி பாதி தீர்ந்ததும் தொட்டிக்குப் போகும் கரண்ட் மட்டும் தானாக அறுந்துபோகும்படி ஒரு சுவிட்சையும் வைத்தாள். ஃபிரிட்ஜுக்கு ஆறு மணி வரை வந்துவிடும்.

இப்போது மூன்று மணிக்கெல்லாம் கடையைப் பூட்டிவிடுகிறாள். வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு, நின்றுபோன பம்புக்குப் பதிலாகத் தொட்டியிலிருந்து ஒரு ஜாடித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறாள், மறுபடி மொள்கிறாள், ஆறு மணி வரைக்கும். தோள்பட்டை கழன்று விழும் போலிருக்கும். தலைகள் பதினொன்றுதான் மிச்சம்.

ஒரு நாள் நாலரை மணிக்கு, காற்றுப்போக்கி வழியாக உஸ்தாதின் குரல் வந்தது.

"மகளே, எங்க பொது லைன் நல்லா வருது. உன் மீனுக்குக் கரண்ட் இருக்கா?"

லமியா கையிலிருந்த ஜாடியைச் சத்தம் வராமல் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"இருக்கு உஸ்தாத்," என்றாள். "நல்லா ஓடுது."