குப்பன் என்ற பெயரும் லேயாள் டீச்சரும்

போன வியாழக்கிழமை பீளமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நம் சர்ச் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினேன். லே, யா, ள். அதன்கீழ், நல்லடக்கம் நாளை. யாரும் சொல்லாமல் நானே வாசித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு அது. வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

சபையார் எல்லாருக்கும் டீச்சரைத் தெரியும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களைப் போன்ற முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணா என்பார்.

ஒருநாள் பைபிளின் சங்கீதப் பாட்டு ஒன்றைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினேன். டீச்சர் சிரித்துவிட்டார். “ஏனுங்ணா, வாய் முடிஞ்சுபோச்சு, விரலு இன்னும் பாதிப் பக்கத்துலயே நிக்குதுங்களே?”

முப்பது வருடம் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதால் எனக்கு அது மனப்பாடம். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் டீச்சர் பைபிளில் நாளாகமம் என்ற வம்ச வரலாற்றுப் பகுதியைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

“இதை யாரும் காதுல கேட்டு ஒப்பிக்க முடியாதுங்க. எழுத்தைப் பாத்துத்தான் ஆகோணும்.”

ஒரு பெயரைச் சரியாக வாசித்தால், எபிரெய மொழியில் அதற்கு என்ன பொருள் என்று சொல்வார். இஸ்மவேல் என்றால் கடவுள் கேட்கிறார். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்ததுபோல இருக்கும் எனக்கு. அவர் பெயருக்கும் பொருள் கேட்டேன்.

“களைச்சுப்போனவள்னு சொல்லுவாங்க. ஆனா பைபிள்ல வர்ற அந்த லேயாள் நாலாவது பையனுக்கு யூதான்னு பேரு வச்சா. அப்படின்னா துதி. களைச்சவ வாயிலயும் துதி வருமுங்க.”

அப்போது நான் ஞானஸ்நானம் பெற இருந்தேன். தாவீது என்று பெயர் மாற்றிக்கொள்ள முடிவு செய்திருந்தேன். எனக்கு முன்னே பிறந்த மூன்றும் தங்கவில்லை. சாவு என்னையும் கண்டுவிடக் கூடாதென்று அம்மா என்னைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்று அழைத்தாள். நான் வேலை பார்த்த மில்லில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டேன்.

அந்த வாரம் யாபேஸ் வந்தது. மெதுவாகக் கூட்டி முடித்தேன்.

“வேதனைன்னு அர்த்தமுங்க. பெத்தவ வலியில வச்ச பேரு.”

“பெறகு மாத்திக்கிட்டாருங்களா?”

“இல்லீங்க. அதே பேரோடதான் வேண்டினாரு. கடவுள் கேட்டாரு. கூடப் பொறந்தவங்களைவிட மதிப்பாவும் இருந்தாரு.”

என் பெயர் வந்த கதையையும், தாவீது என்று மாற்றிக்கொள்ளப் போவதையும் சொன்னேன். டீச்சர் சொன்னார்: “மூணைப் பறிகுடுத்தவ, இவனையாவது எனக்கு விட்டுருன்னு கேட்டு வச்ச பேருங்ணா உங்களுது. அது அம்மாவோட ஜெபம். தாவீதும் நல்ல பேருதான். உங்க இஷ்டமுங்க.”

ஞானஸ்நானத்தன்று சபைப் போதகர் ஐயர் என்ன பெயர் என்று கேட்டார். “குப்பனுங்க!” என்றேன், வெளியே ரோட்டுக்கே கேட்கும்படி. பதிவேட்டில் நானே எழுதினேன். முன்வரிசையிலிருந்து டீச்சர், “புள்ளி வைங்ணா, புள்ளி!” என்றார். சர்ச்சே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பெயரைச் சொல்லி மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதை எழுதிக்கொண்டே நான் சிரித்தது அன்றுதான்.

டீச்சர் தந்ததில் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால் பெருமையாகச் சொல்வேன்: என் அம்மா எனக்கு வைத்த பெயரை.